கரடி வரும் மேசையில் பவளமக்கா

செய்தி வந்தபோது நான் மோர்னிங்சைட்டில் பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். மடியில் இருந்த கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் கனகண்ணையின் நம்பர், நாலு தரம். அவர் யாருக்கும் நாலு தரம் எடுக்கிற ஆள் இல்லை. திருப்பி எடுத்தேன். "பவளம் போயிட்டாள், சாந்தி. தேத்தண்ணி குடிச்சிட்டு சோபாவிலை சாய்ஞ்சவள், எழும்பேல்லை" என்றார். ஊசி போட்டு எனக்குப் பாதி முகம் விறைத்திருந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தைகூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. காருக்குள் ஏறியிருந்து, விறைப்பு எடுபடும்வரை அழுதேன்.

பவளராணி கனகரத்தினம் என்றால் உங்களில் பலர் யோசிப்பீர்கள். பவளமக்கா என்றால் தெரியும். ஸ்காபரோவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். அதில் பதினாறு வருடம் அவருக்கு இடதுகைப் பக்கம் நின்றவள் நான். கனகண்ணை அவருடைய கணவர். நகர நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீட்டில் தொடங்கி, பிறகு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது.

செத்தவீட்டு மண்டபத்தில் திரையில் படங்கள் ஓடினதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு படத்தில் அக்கா தலையில் கடதாசி முடியோடு, ஏப்ரன் கட்டிய ஒரு பெரிய கரடியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் படம் வந்தபோது எனக்குப் பின்வரிசையில் ஒருவர், "பாவம், பிள்ளை இல்லாத ஏக்கம்" என்றார். பக்கத்தில் இருந்தவரும் ஓம் ஓம் என்று உச்சுக்கொட்டினார். முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தொகுக்கிற அக்காவின் மைத்துனரும் என்னிடம் அதையேதான் சுற்றிவளைத்துச் சொன்னார்: நீ வேலை இடத்துக் கதைகளை எழுது, கரடிக் கதையை விடு, சனம் பரிதாபப்படும். நான் கனகண்ணையைக் கேட்டேன். அவர், "நடந்ததை எழுது" என்றார். அந்தப் "பாவம்" என்ற சொல்லை அக்காவின் மேல் முதலில் போட்டவள் நானேதான். அதை நானே எடுக்காவிட்டால் அது அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும்.

வேலை இடத்துக் கதை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். நோயாளருக்குப் போகிற தட்டுகள் ஒரு நீளமான பட்டியில் ஊர்ந்து வரும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. அதில் எழுதியிருப்பதைப் பார்த்து ஆளுக்கொரு சாமானை வைக்கவேண்டும். ஒருமுறை நாலாம் மாடியில் இருந்த ஒரு வயதானவர் மூன்று வேளையும், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிற அந்த ஆடுகிற இனிப்பு, சிவப்பு ஜெலோ கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். நாங்கள் அந்தச் சீட்டு வரும்போதெல்லாம் சிரிப்போம். கிழவனுக்குக் குழந்தைப் புத்தி வந்துவிட்டது என்று நான் பகிடி விட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "விருப்பத்தை விசாரிக்கிறது எங்கடை வேலையில்லை. வைக்கிறதுதான் வேலை" என்று சொல்லி ஜெலோவை வைத்தார். சிவப்பு முடிந்துபோன நாளில் குளிர் அறைக்குள் போய், பெட்டிகளைப் புரட்டி ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். பட்டியை நிறுத்தியதற்காக சுப்பவைசரிடம் பேச்சும் வாங்கினார்.

அக்காவுக்கு அறுபது வயதாகிற வருடம், நகரத்துக்கு வடக்கே உள்ள ஒரு விளையாட்டுப் பூங்காவின் விளம்பரத்தை எங்கேயோ பார்த்துவிட்டார். ராட்டினங்கள் எல்லாம் உள்ள பெரிய பூங்கா. அதற்குள் ஒரு சாப்பாட்டுக்கடை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் கரடி, வாத்து, அணில் என்று வேடம் போட்டவர்கள் மேசை மேசையாக வந்து கைகொடுப்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள், படம் எடுக்க நிற்பார்கள். பிள்ளைகளுக்கான இடம் என்பது பார்த்த உடனேயே யாருக்கும் விளங்கும். அக்கா இடைவேளையில் போன் எடுத்து, பெரியவர்கள் மட்டும் வரலாமா என்று தன்னுடைய இங்கிலீசில் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்தார். பிறகு தனக்கும் கனகண்ணைக்கும் எனக்குமாக மூன்று இடம் பதிந்தார். பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து நூறு பேரைக் கூப்பிடுகிற எங்கள் ஊரில் இப்படி ஒரு கொண்டாட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன் அக்கா அங்கே என்று கேட்டேன். விருப்பம் என்றார். நான் விடவில்லை. சின்ன வயதில் கிடைக்காததாலா, பிள்ளைகள் இருந்திருந்தால் என்ற நினைப்பா என்று நானே காரணங்களை எடுத்துக் கொடுத்தேன். "பிள்ளை இல்லாதது ஒரு கதை, சாந்தி. கரடி வேறை கதை. ரெண்டையும் சேத்துத் தைக்காதை" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் தைத்துக்கொண்டு போனேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க எனக்குக் கை கேளாது. மூன்று கிழடுகள் ஒரு பிள்ளையும் இல்லாமல் அங்கே போய் இருந்தால் என்ன மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரே யோசனை. கடைசியில் என் தங்கையின் மகளுக்குப் போன் எடுத்து, அவளுடைய நாலு வயது மகள் அனிகாவை ஒரு நாளைக்குக் கேட்டேன். "பாவம் அந்த மனுசி, பிள்ளை குட்டி இல்லை. அதுதான் உந்த ஆசை" என்றேன். இரவல் நகை மாதிரி இரவல் பிள்ளை. அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் அப்போது மனதார நினைத்தேன்.

காலையில் அக்கா பச்சைச் சேலை கட்டி, கீழே வெள்ளை றணிங் சப்பாத்து போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். காருக்குள் பிள்ளை இருப்பதைக் கண்டார். "வாங்கோ குஞ்சு" என்று அவளுடைய கன்னத்தைத் தொட்டுவிட்டு, பின்சீற்றில் ஒதுங்கி இருந்தார். கனகண்ணை மட்டும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

கடைக்குள் போய் இருந்ததும் பரிமாறுகிற பெண் பிள்ளை ஒரு கடதாசி முடியோடு வந்து, இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று சிரித்தபடி கேட்டாள். அக்கா கையைத் தூக்கப் போனார். சுற்றிவர மேசைகளில் எல்லாம் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும். அந்த ஒரு கணத்தில் அக்காவுக்காக எனக்குக் கூச்சம் வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டு, இவளுக்கு என்று அனிகாவைக் காட்டினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடி அனிகாவின் தலைக்குப் போனது. மெழுகுதிரி ஏற்றின கேக் அவளுக்கு முன்னால் வந்தது. கடைக்காரர் எல்லோரும் வந்து அவளுடைய பெயரைச் சொல்லிப் பாடினார்கள். கரடி வந்தது, எங்கே பிள்ளை இருக்கிறதோ அங்கேதானே குனியும்? அவளைத் தூக்கியது, ஆடியது, படத்துக்கு நின்றது, அடுத்த மேசைக்குப் போனது. வாத்தும் அணிலும் அப்படியே. அக்கா கைதட்டினார். பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த கிறீமைத் துடைத்துவிட்டார். தன்னுடைய பான்கேக்கை முழுவதும் சாப்பிட்டார். நானும், எல்லாம் வடிவாக நடந்தது என்று திருப்தியோடு கார் ஓடிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை பட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, சீட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் அக்கா கேட்டார்: "என்ரை பிறந்தநாளை ஏன் அந்தப் பிள்ளைக்குக் குடுத்தனீ?"

சனம் என்ன நினைக்கும் என்று யோசித்தேன் என்றேன்.

"எந்தச் சனம்? அங்கை எங்களைத் தெரிஞ்ச ஒரு சனமும் இல்லை. அங்கை இருந்தாக்களிலை வெக்கப்பட்டது நீ ஒராள்தான்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அன்றைக்கும் அதற்குப் பிறகும் என்னோடு வழக்கம்போலத்தான் கதைத்தார், சாப்பாட்டைப் பங்குபோட்டார், என் முழங்கால் நோவுக்கு எண்ணெய் கொண்டுவந்து தந்தார். அடுத்த வருடம் கனகண்ணையோடு அதே கடைக்குப் போய் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை. அத்தனை வருடம் ஒருவருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, அவருடைய ஒரு நாளுக்கு மட்டும் நான் வேண்டாதவளாகிப் போனது எனக்குச் சுட்டது. என்ன பிழை செய்தேன் என்பது விளங்க அதுவும் தேவைப்பட்டது.

இடையில் பெருந்தொற்றுக் காலத்தில் பூங்கா பூட்டிக் கிடந்தது. அது திறந்த பிறகு ஒரு வருடம், "வாறதெண்டால் கையை வீசிக்கொண்டு வா" என்றார். அவர் அதற்குள் ஓய்வு எடுத்துவிட்டார். நான் தனியப் போனேன். மேசையில் இருந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பான்கேக்குக்கு ஊற்றுகிற இனிப்புப் பாணிப் போத்தலை என் பக்கம் தள்ளி, "ஊத்திச் சாப்பிடு, ஆறுது" என்றார். பரிமாற வந்த பெடியன் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டான். அக்கா பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. முடியை விரித்து அவருடைய கொண்டைக்கு மேலால் பக்குவமாக வைத்துவிட்டுப் பாட ஆள் கூப்பிடப் போனான்.

பிறகு கரடி வந்தது. அக்கா எழும்பி, சேலைக் கொய்யகத்தைச் சரிபண்ணிக்கொண்டு, அதன் கையை இரண்டு கையாலும் பிடித்தார். அண்ணாந்து பார்த்துத் தமிழில் கேட்டார்: "உள்ளை சரியான வெக்கையே ராசா?" கரடிகள் அங்கே பேசுவதில்லை. அதற்குத் தமிழும் தெரிந்திருக்காது. ஆனால் அக்கா மேசையில் இருந்த உணவுப் பட்டியலை எடுத்து அதன் கழுத்துப் பக்கம் விசுக்கத் தொடங்கியதும், அது தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கன நேரம் நின்றது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் பொறுமை இழந்து கூப்பிட்ட பிறகுதான் போனது. கனகண்ணை அப்போது எடுத்த படம்தான் நீங்கள் திரையில் பார்த்தது. அக்காவின் முகத்தை இன்னொருமுறை பாருங்கள். அந்த முகத்தில் ஏக்கத்தைக் கண்டுபிடிக்கிறவர், அதைத் தன் வீட்டிலிருந்துதான் கொண்டுவந்திருக்கவேண்டும்.

அன்றைக்கு அக்கா முடியைக் கழற்றாமலே பூங்கா முழுவதும் நடந்தார். ராட்டினத்தில் ஏற மறுத்துவிட்டார். "எனக்கு உது பிடிக்காது, தலை சுத்தும். நான் வாறது சாப்பாட்டுக்கும் கரடிக்கும்" என்றார். சின்ன வயதைத் தேடிப் போகிறவர் ராட்டினத்தை விட்டுவிட்டு வருவாரா? ஒருவருடைய சந்தோசத்துக்குக் காரணம் தேடுகிற பழக்கம் எனக்கு அன்றோடு முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் குறைந்தது.

போன கிழமை கனகண்ணை போன் எடுத்தார். நினைவு மலருக்கு எந்தப் படம் என்று கேட்கத்தான் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்றைச் சொன்னார். அக்கா ஜனவரியிலேயே அந்தக் கரடிக் கடையில் இந்த வருடத்துக்கும் இடம் பதிந்து வைத்திருந்தாராம், ஜூலை மாதம், இரண்டு பேருக்கு. கடையில் இருந்து போன் எடுத்து, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

போக விருப்பமா அண்ணை என்று கேட்டேன். "ஓம்" என்றார். "ஆனா ஒரு கிழவன் தனியப் போய் அங்கை இருந்தால்…" என்று இழுத்தார்.

அனிகாவுக்கு இப்போது நாலு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்ற பேச்சு எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினால், நான் துணைக்கு வாறன் என்பது வந்து நின்றது. அதையும் விழுங்கினேன். அவர் என்னைத் துணைக்குக் கேட்கவில்லை. போவது பிழையா என்றுதான் கேட்டார்.

"ரெண்டை ஒண்டாக்கச் சொல்லுங்கோ அண்ணை. நீங்கள் போங்கோ" என்றேன்.

"ஓம், சொல்லுறன்" என்றார். குரல் இலேசாக இருந்தது.

பவளமக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவர் கேட்க விடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, அன்றைக்குக் கனகண்ணையிடம் நான் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு பேச்சுகள்தான்.