திங்கட்கிழமை மட்டும் இறங்காத படம்

ஜெயலக்ஷ்மிக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துபோகும். எனக்கு வந்தால் ஊரே கேட்கும். பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கிறோம்.

வலியசாலையில் அவளுக்கு வீடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவள் வாழ்க்கையில் பாதி, அடுத்தவர் கம்ப்யூட்டரைத் திட்டாமல் சரிசெய்ததில் போயிருக்கும். ஸ்ரீவராகத்து வெங்கடகிருஷ்ணன் மாமா நடத்தும் ஸ்கேன் சென்டருக்கு அவள்தான் புரோகிராம் எழுதிக்கொடுத்தாள். பழைய ஸ்கேன் படங்கள் கிளவுடில், அதாவது எங்கோ தொலைவிலுள்ள சர்வரில் இருக்கும்; கேட்டால் இறங்கி வரும்.

ஒரு திங்கட்கிழமை வரவில்லை. '403, அனுமதி இல்லை' என்று மட்டும் திரையில் நின்றது. பாறசாலையிலிருந்து வந்த ராகேல் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிடாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து மணிக்குள் படம் போய்ச் சேராததால் ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள்.

"ஒன்னோட புரோகிராம்தான் கோளாறு, கேட்டோ" என்று மாமா பாதி மலையாளத்தில் போனில் குதித்தார். ஜெயலக்ஷ்மி கிளவுடுக்குள் நுழையும் ரகசியச் சாவியை மாற்றினாள், அனுமதிகளைப் பார்த்தாள், நெட்வொர்க்கைப் பார்த்தாள். எல்லாம் சரி. பழைய பதிவுகளைத் தோண்டியபோதுதான் தெரிந்தது: தவறியதெல்லாம் திங்கட்கிழமை, அதுவும் காலையில் மட்டும். என்ன எழவு இது!

அடுத்த திங்களன்று எட்டு மணிக்கே இரண்டு பேரும் போய் நின்றோம். ராகேல் அம்மா முதல் பஸ்ஸில் வந்து, ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "எனக்க படம் இன்னைக்கு வருமா மோளே?" என்றார்.

எட்டே காலுக்கு மாமா வந்தார். கம்ப்யூட்டரில் மணியை ஒன்பது ஐந்து என்று மாற்றினார். பிறகு முதல் பில்லை அடித்தார்.

"மாமா, என்ன பண்றேள்?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"திங்கக்கெழமதான் தொறக்கற நேரத்துல ராகு காலம்டீ. ஏழரைலேந்து ஒம்பது. மொத பில்லுல அந்த நேரம் விழப்படாது. அப்பறம் ஞாபகம் வரச்சே திருப்பி வெச்சுடுவேன், அதுக்கென்ன?"

என் வாய் சும்மா இருக்குமா? "கால் மணிக்கு மேல மணி தப்பா இருந்தா கிளவுட் கதவையே தெறக்காது! ஒங்க பில்லுக்கு நல்ல நேரம் பாத்து ஒரு மனுஷியோட வயித்துல கட்டிய வளத்திருக்கேளே!"

ஜெயலக்ஷ்மி மணியைத் திருப்பி வைத்தாள். படம் மடமடவென்று இறங்கியது. எட்டு இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு பிழைச் செய்தியை முழுசாகத் திறந்து பார்த்தாள். 'உங்கள் நேரமும் எங்கள் நேரமும் ஒத்துப்போகவில்லை' என்று அதன் வாலில் தெளிவாக எழுதியிருந்தது. நீளமாக வந்தால் ஸ்டாஃப் பயப்படுவார்கள் என்று புரோகிராம் எழுதும்போதே அந்த வாலைத் திரையில் வராமல் வெட்டியவள் அவளேதான்.

ராகேல் அம்மா எழுந்து வந்தார். "அப்போ போன வாரமும் இதுதானா? ஒரு வாரம் நான் ஒறங்கல்லியே."

மாமா பில் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

"ஆமாம்மா" என்றாள் ஜெயலக்ஷ்மி, காது கொடுத்தால்தான் கேட்கும் குரலில். "மணிய மாத்தினது இவர். அதச் சொல்ல வந்த கம்ப்யூட்டரோட வாய அடச்சது நான்."