ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் ஒரு காற்றுப் பம்ப்

உறிஞ்சுகிற குழாய் எது, ஊதுகிற குழாய் எது என்று தெரியாத மடையன் நான். தெரியாது என்பதாவது தெரிந்திருக்கலாம், அதுவும் இல்லை.

தொண்ணூறுகளில், வண்ணார்பேட்டை வீட்டில் துருப்பிடித்த ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்குப் போடுமுன், நன்றாக ஓடிய அதன் கம்ப்ரசரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். வால்வு ஊசியை அழுத்தும் மூக்கு வைத்த ரப்பர் குழாயைச் செருகினால் வீட்டிலேயே வண்டிக்குக் காற்றடிக்கலாம் என்று கணக்கு.

முதல் போணி என் மனைவியின் மொபெட். அவள் டீச்சர், அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். முன் டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தது.

"போற வழியில கடையில அடிச்சுக்கிடுதேன். நேரமாவுது."

"கடை எதுக்கு? இங்கனயே அடிச்சுத் தாரேன்," என்று குழாயை மாட்டி சுவிட்சைப் போட்டேன்.

கம்ப்ரசர் ஜோராக உறுமியது. அதன் இன்னொரு குழாய் என் வெள்ளைச் சட்டையில் எண்ணெயைத் துப்பியது. புது மெஷின் அப்படித்தான் துப்பும் என்று விளக்கமும் கொடுத்தேன். குனிந்து பார்த்தால் டயர் தரையோடு அப்பிக் கிடந்தது. இருந்த காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

"குழாய மாத்தி மாட்டிட்டேன் போல. ரெண்டே நிமிசம், சரி பண்ணிருதேன்," என்றேன்.

"உங்க சைக்கிள் சாவியத் தாங்க, அதுக்கும் காத்தடிச்சிராதீங்க."