மெஹரு அக்காவும் நானும் போன வேலூர்

மெஹரு அக்கா போய்விட்டார்.

பழைய ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று மத்தியானமே போட்டிருக்கிறார்கள். நான் இன்று காலையில்தான் பார்த்தேன். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அதற்கும் கீழே, டெய்லர் ஆள் தேவை என்று ஒரு விளம்பரம்...

நான் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டு ரூமில் ஒரு பெண் கேட்டாள், சொந்தமா என்று. இல்லை என்றேன். சரி என்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவருடையது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். நூல் இருக்கா, சாப்ட்டியா... இதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு கிடையாது.

ஒருமுறை லைனுக்கு மெட்டீரியல் வரவில்லை. நாளைக்கு லீவு என்றார்கள். உடனே நாலு பேர் சேர்ந்து வேலூர் டூர் என்று பிளான் போட்டோம். கோட்டை, நல்ல ஹோட்டலில் சாப்பாடு, அப்புறம் கோட்டைக்கு எதிரே இருக்கிற மலை.

காலையில் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது நானும் மெஹரு அக்காவும்தான். ஒருத்தியை வீட்டில் விடவில்லை. இன்னொருத்தி போனையே எடுக்கவில்லை.

இரண்டு பேருக்கு எதற்கு, இன்னொரு நாள் போகலாம் என்றேன்.

"வூட்ல ஆஸ்பத்திரி செக்கப்புன்னு சொல்லிட்டு வந்துட்டேன் ஷீலா. இப்ப திரும்பிப் போனா இன்னான்னு சொல்றது?"

பஸ்ஸில்தான் எனக்கே தெரிந்தது. அவருக்கு இதயத்தில் வால்வு பிரச்சினை. சின்ன வயதிலிருந்தே வேலூருக்கு வந்து போகிறவர். ஆனால் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, மறுபடி பஸ் ஸ்டாண்டு... கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அன்றைக்கு கோட்டை மதில்மேல் முழுக்க நடந்தார். மெதுவாக, நின்று நின்று. அகழியில் மீன்களுக்குப் பொரி வாங்கிப் போட்டார். போட்டோ எடுக்கிறேன் என்றதும் முக்காட்டை இழுத்துக்கொண்டார். வீட்டில் யாராவது பார்த்தால் பேஜாராகிவிடுமாம்.

அதனால்தான் இந்தப் பதிவில் வெறும் அகழிப் படம். அவர் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

ஹோட்டலில் சர்வர் இட்லி என்று ஆரம்பித்ததுமே அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் பார்சல் இட்லிதானாம். பூரி, நெய் ரோஸ்ட், ரோஸ் மில்க் என்று அவரே ஆர்டர் செய்தார். உப்பு கம்மியாகச் சாப்பிட வேண்டியவர், சட்னி இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்.

அப்புறம் மலை.

மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை பாதி ஏறிய பிறகுதான் சொன்னார். அதுவும் உதடு கறுத்து, ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்ட பிறகு. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. இறங்கிவிடலாம் அக்கா என்று கெஞ்சினேன்.

"உக்காந்தா சரியாய்டும். எனக்குத் தெரியாதா? நீ மேல போ. போய் போன் பண்ணி எனக்குச் சொல்லு, இன்னா தெரியுதுன்னு."

அசையவே மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, உதட்டுக்கு நிறமும் வந்தது. அதற்கப்புறமும் விடவில்லை. போனேன்.

உச்சியில் சரியான காற்று. கோட்டை சின்ன டப்பா மாதிரி, அதைச் சுற்றி அகழித் தண்ணீர். தூரத்தில் பாலாறு, வெறும் மணல்... ஒவ்வொன்றாகப் போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கம் உம், உம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரி தெரியுதா?"

தெரியுது என்றேன்.

"பெருசா தெரியுதா, சின்னதா தெரியுதா?"

சின்னதாகத்தான் அக்கா என்றேன். அவர் சிரித்தார். லைனில் அவர் பக்கத்தில் அத்தனை நாள் உட்கார்ந்தும் நான் கேட்டிராத சிரிப்பு.

என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பஸ்ஸில் அதே தோளில் தூங்கிவிட்டார். மறுநாள் லைனில் பழையபடி நூல் இருக்கா, சாப்ட்டியா.

அடுத்து ஏலகிரி என்று பேசிவைத்திருந்தோம். போகவில்லை. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள், நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ரம்ஜானுக்கு ஒரு போன், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

இன்று காலை அவர் நம்பருக்கு அடித்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

மகள் எடுத்தாள். கூட வேலை செய்தவள் என்றேன். வீடு, கம்பெனி, ஆஸ்பத்திரி தவிர அம்மி ஒரு இடம் பார்த்ததில்லை என்று சொல்லி அழுதாள். அம்மாவை அவர்கள் வீட்டில் அம்மி என்பார்கள்.

சொல்லலாமா கூடாதா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். கோட்டை, ஹோட்டல், மலை, எல்லாவற்றையும்.

சொல்லி முடித்ததும் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"நீங்க அம்மிக்கு தோஸ்தாக்கா?"

அந்த வார்த்தையை நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொண்டதில்லை.

"ஆமாம்மா. தோஸ்துதான்."

இனி இதைத் தெரிந்தவர்கள் அவளும் நானும்... இப்போது இதைப் படிக்கிற நீங்களும். மெஹரு அக்கா, இதைச் சொன்னதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

கடைசியாக முகம் பார்க்க வர முடியவில்லை. சலாம், மெஹரு அக்கா...