யாரும் தொடாத ஜெர்மன் கார்

இன்னைக்குக் காலையில குவைத் ஃபஹாஹீல் கடற்கரையில பழைய கார் கண்காட்சி. எனக்கு விசா கொடுத்த முதலாளி, எங்க கஃபீலும் தன்னோட ஜெர்மன் காரை நிறுத்தியிருந்தார்.

"உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனி எழுந்தப்போ அந்த நாட்டுத் தலைவரே போன மாடல். என்னைத் தவிர இதை யாரும் தொட்டதில்லை"ன்னு கூட்டத்துக்கு வரலாறு சொன்னார்.

பதினோரு வருஷமா அதைத் துடைச்சு ஓட்டுற டிரைவர் நான், துணியும் கையுமா பக்கத்துலதான் நின்னேன்.

நடுவர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கஃபீல் சாவியைத் திருகினார். வண்டி இருமினதோட சரி.

கண்ணாடியை இறக்கி என் காதுல, "எப்படிப்பா ஸ்டார்ட் பண்றது?"ன்னார்.

"முதல்ல சோக்கை இழுங்க, பாபா."

கிளம்பிடுச்சு. சொந்தக் கையால பராமரிச்சதுக்காக அவருக்குக் கோப்பை! இனி அதையும் நான்தான் துடைக்கணும்.

உங்க கஃபீல் கணக்குப்படி அவர் வீட்ல நீங்க தொடவே தொடாத சாமான் எது, மக்களே?