சோலார் கண்ணாடியில உப்பு பூத்த கதை

அட, அது சுத்தப் பொய்யிடி செல்வி! கன்னியம்மாவ கம்பெனிய விட்டுத் தொரத்திட்டாங்கன்னு எவ சொன்னா? கூடவே வேல செய்யறவ நான். பக்கத்து வீட்டுக்காரி நீ, என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல? ஒக்காரு, சொல்றேன்.

கூனிமேட்டத் தாண்டி ரோட்டோரமா ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இருக்குது பாரு, மழையில உப்பளம் நின்னப்போ நானும் அவளும் அங்க சேந்தோம். மொட்டமாடி பூரா சோலார் கண்ணாடிங்க. கடக்காத்துல தூசு அப்பிக்கும். தெனம் கழுவி வெக்கணும், அதான் வேல.

மொத நாளு கன்னியம்மா பாட்டுக்குக் கழுவுறா, எனக்குக் கையி ஓடல. கீழ ஒரு ரூமு. உள்ள பீரோ பீரோவா நிக்குது, பொடிசு பொடிசா பச்ச வெளக்கு மினுக்குது. கதவத் தொறந்தா ரைஸ் மில்லு இரைச்சல், சில்லுன்னு ஏசி. அத பாத்துக்கற இன்ஜினியர் பொண்ணு திவ்யா, நம்ம பெருமுக்கல் பக்கந்தான். "மேடம், இதுக்குள்ள இன்னா இருக்குது?"ன்னு கேட்டுட்டேன்.

"உங்க பேத்தி போன்ல போட்டோ எடுக்குதில்ல ஆயா? அந்த மாதிரி ஜனங்க போட்டோ, கடைங்க பில்லு எல்லாம் இந்த மாதிரி ரூமுங்கள்லதான் இருக்கும். கிளவுடுன்னு சொல்லுவோம்."

"சும்மா வெச்சிருக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?"

"சும்மா எங்க இருக்குது? ராவும் பகலும் வேல செய்யுது, சூடாவுது. அதுக்கு ஏசி. எல்லாத்துக்கும் கரண்டு. கரண்டுக்கு எங்கியோ கரி எரியுது. அந்தப் பொகைய கொறைக்கத்தான் சோலார். அவசரமில்லாத வேலைய வெயில் ஏறினப்புறம் செய்யின்னு மிஷினுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கல. "நாங்க உப்புப் பாத்தியில தண்ணிய வுட்டுட்டு வெயிலுக்குக் காத்துக் கெடப்போம். உங்க மிஷினும் அதேதானா!"ன்னேன். அந்தப் பொண்ணும் சிரிச்சிது.

கொஞ்ச நாள்ல சிரிப்பு போயிடிச்சி. டிவி மாதிரி ஒரு பொட்டியில வெயில் கரண்டு கோடா ஏறும். மத்தியானத்துல ஏறவேண்டிய கோடு படுத்துக் கெடக்குது. சென்னையிலருந்து மேனேஜர் போன்ல கத்துறாரு, ஸ்பீக்கர்ல எனக்கும் கேக்குது. "நல்லா வெயில் அடிக்குதேம்மா, கரண்டு எங்க போச்சு? தொடைக்கிறவங்க தூங்குறாங்களா? இப்படியே போச்சுன்னா லைன் கரண்டுலயே ஓட்டிக்கலாம், அந்த ரெண்டு பேரையும் நிறுத்திடு."

நானாவது பாத்திக்குத் திரும்பிப் போவேன். கன்னியம்மாவுக்குக் கால் பூரா புண்ணு. உப்புத் தண்ணியில கால வெக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த வேலைய விட்டா அவளுக்கு வேற வழியில்ல.

திவ்யா மாடிக்கு வந்துச்சி. கண்ணாடி மேல வெள்ளையா படலம். விரலால தேச்சி நாக்குல வெச்சிப் பாத்துது. மூஞ்சி கோணிப்போச்சி.

"கரிக்குதே! எந்தத் தண்ணியில கழுவுறீங்க?"

"போர் தண்ணியிலதான்"ன்னா கன்னியம்மா.

"டேங்க்ல லாரித் தண்ணி ரொப்பி வெச்சிருக்கேனே?"

"அது குடிக்கிற தண்ணி மேடம்! அத கண்ணாடிக்கு ஊத்த எனக்குக் கையி வருமா?"

நம்ம பக்கம் அப்படித்தானடி? நல்ல தண்ணி சோத்துக்கு, உப்புத் தண்ணி கழுவ. தெனம் ஊத்தினோம், வெயில் காயவெச்சிது, உப்பு பூத்துக்கிச்சி. பாத்தியில செய்யற வேலைய மாடியில செஞ்சிருக்கோம்!

"இனிமே லாரித் தண்ணிதான்"ன்னுது திவ்யா.

கன்னியம்மா முந்தானைய இழுத்துச் செருவிக்கிட்டா. "வேலைய விட்டு நிறுத்தினாலும் சரி, நல்ல தண்ணிய மண்ணுல ஓட வுட மாட்டேன்."

"அடிப்பாவி, கால பாருடி!"ன்னு கிள்ளினேன். அசையல.

திவ்யா அவளையே பாத்துது. "மண்ணுல ஓடறதுதான் பிரச்சினையா? ஓடாம புடிச்சிட்டா?"ன்னு கேட்டுது.

அவ யோசிச்சா. "புடிச்சா... கழுவலாம்."

திவ்யா பைப்ப ரெண்டா பொளந்து கண்ணாடிக்குக் கீழ காவா மாதிரி கட்டிச்சி. கழுவின தண்ணி பூரா டிரம்முல விழுது. வாசல் தெளிக்க, கக்கூஸ் கழுவ எல்லாம் அதுதான். கன்னியம்மா டிரம்முக்குள்ள எட்டி எட்டிப் பாத்தா. அப்புறந்தான் கையி வந்துச்சி.

மறுநாள் மத்தியானம் கோடு சரசரன்னு ஏறுது. கன்னியம்மா கேக்கறா, "இப்ப எங்கியோ கரி எரியறது கொறஞ்சிருக்குமா மேடம்?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

"டிரம்மு ரொம்பிடிச்சி, அதையும் வந்து பாரு."

மேனேஜர்கிட்ட நடந்தத ஒளிக்காம சொல்லிடிச்சி அந்தப் பொண்ணு. "டிரம்மு வேறயா?"ன்னு மொனகினாரே தவிர எங்கள நிறுத்தச் சொல்லல. கன்னியம்மா காலு காட்டப் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அதுக்குள்ள தெரு வாயி தொரத்தி விட்டுடிச்சி.

நீயும் வேலைக்குப் போவப்போற, கேட்டுக்க. இப்படிச் செய்யின்னு எவ வேணா அதட்டலாம். ஏன் கையி வரலன்னு திவ்யா கேட்டுது பாரு, அதுலதான் எங்க வேல பொழச்சிது.

யேய், ஹாரன் கேக்குதா? தண்ணி லாரி தெருமுனைக்கு வந்துட்டான். எழுந்திருடி, உன் கொடத்தையும் எடுத்துக்கிட்டு ஓடியா, நான் முன்னாடி போயி எடம் புடிக்கிறேன்!