சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்

பீலிக்கரையில் இரண்டு பெண்கள் தண்ணீருக்காகக் கத்த ஆரம்பித்தால் போதும், கெத்தரின் ஓடிப்போய்த் தன் வாளியை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு நேர் கீழே கவிழ்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். இனி யாருக்கும் தண்ணீர் இல்லை. "நம்ம சண்டைய மொதல்ல முடிப்போம், அப்பறம் தண்ணி புடிக்கலாம்" என்பாள். பள்ளிக்கூடச் சீருடை தொப்பலாக நனைந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கத்தியவர்கள் கடைசியில் அவளைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதானே!

பதினேழு வயது. இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றுதான் வீடு. அம்மா தெரேசா கொழுந்து எடுக்கிறாள். மகளுக்கு நடக்கத் தெரியாது, எங்கே போனாலும் ஓட்டம்தான். இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். வாயைத் திறந்தால் 'நம்ம'. நம்ம பஸ், நம்ம ஃபாதர், நம்ம மழை. காலில் ஏறி இரத்தம் குடித்த அட்டைகூட "நம்ம அட்டை"தான்.

கண்டியில் நடக்கப்போகும் சர்வதேச இளைஞர் சமாதான முகாமுக்கு ஒரு பிள்ளையை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தபோது, பங்குத் தந்தை யோசிக்காமல் கெத்தரினின் பெயரைக் கொடுத்துவிட்டார். பல நாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பீலிக்கரையைத் தாண்டி உலகத்தையே பார்க்கப்போகிறோம் என்று கெத்தரினுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: நான் யார், சமாதானத்துக்காக என்ன செய்திருக்கிறேன் என்று பேசி, ஞாயிறு மாலைக்குள் வீடியோ அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கஷ்டம் அடுத்த காம்பராவில் இருந்தது. பெயர் ஷிரானி. ஒன்றாய்ப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்த பிள்ளைகள். நாவுலயில் நடந்த வலைப்பந்து இறுதிப்போட்டியில் ஷிரானியை வெளியே நிறுத்திவிட்டு வேறொருத்தியைப் போடலாமா என்று மிஸ் கேட்க, "சரி மிஸ்" என்று தலையாட்டியவள் அணித் தலைவி கெத்தரின். தோழியிடம் அதைச் சொல்லப் பயந்து மறைத்துவிட்டாள். மைதானத்தில் தன் சட்டையை இன்னொருத்தி போட்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் ஷிரானிக்கு விஷயம் தெரிந்தது. அன்றோடு பேச்சு நின்றது. பூசையில் ஒருவரையொருவர் கும்பிட்டுச் சமாதானம் பரிமாறும் நேரத்தில் ஷிரானி பக்கத்தில் நின்றாலும், கெத்தரின் பின்வரிசை வாங்குப் பலகையில் இருக்கும் கைக்குழந்தையைத் தேடிப்பிடித்துக் கும்பிடுவாள். 'நம்ம'காரிக்கு இப்போது ஷிரானி வெறும் "அடுத்த வீடு".

கடைசி நாளான ஞாயிறும் வந்துவிட்டது. அரிசி டின்மேல் அம்மாவின் போனைச் சாய்த்து வைத்தாள். ஆங்கிலத்தில் பேசுமுன் தமிழில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"வணக்கம். நான் கெத்தரின். எனக்கு எல்லாரோடயும் பழக ரொம்பப் புடிக்கும்."

"க்கும்!"

லயத்துச் சுவர் கூரையைத் தொடுவதில்லை. மேலே ஒரு கை நுழைகிற இடைவெளி உண்டு. இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

"நான் யாரோடயும் கோவமா இருந்ததே இல்ல."

"க்கும்! க்கும்!"

"ஏம்மா, அடுத்த வீட்டுக்குத் தொண்டையில சளியா?" கெத்தரின் வேண்டுமென்றே உரக்கக் கேட்டாள்.

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த தெரேசா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். "நீ சொல்றத முழுங்க முடியல போல, புள்ள."

கெத்தரினின் முகம் சிவந்துவிட்டது. கோபம்தான் முதலில் வந்தது. அது அடங்கியதும் வெட்கம் வந்தது, பின்னாலேயே அழுகையும். ஊர்ச் சண்டைக்கெல்லாம் வாளியைக் கவிழ்க்கிறவளுக்குத் தன் சண்டைக்கு வழி தெரியவில்லையே! மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தமிழிலேயே பதிவு செய்யப் போனைத் தட்டினாள்.

"நான் கெத்தரின். ஊருல யாரு சண்ட போட்டாலும் நடுவுல போய் நிப்பேன். ஆனா நாவுலக்கிப் போன அன்னிக்கி நம்ம ஷிரானிக்கிட்ட உண்மைய மறைச்சிட்டேன். சொல்ல பயமா இருந்திச்சி. இன்னும் சாரி கேக்கல. இப்ப கேக்குறேன்."

செருமல் இல்லை.

கெத்தரின் டிரங்குப் பெட்டிமேல் ஏறி, போன் பிடித்த கையைச் சுவருக்கு மேலாக அந்தப் பக்கம் நீட்டினாள். "ஏய் ஷிரானி! மிச்சத்த நீ சொல்லுடி. நான் எப்படிப்பட்டவள்னு ஒனக்குத்தான் தெரியும்."

கை வலித்தது. தெரேசா மாவு பிசைவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பக்கம் வாங்கு இழுபடும் சத்தம் கேட்டது. யாரோ ஏறினார்கள். ஒரு கை போனை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை கெத்தரினின் மணிக்கட்டை நறுக்கென்று கிள்ளியது.

"ஆ!" என்று கத்தினாளே தவிர, கெத்தரின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கிள்ளுக்கும் தோதாக அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.