அபண்டன்ட்: லாரன்ஸ் சாருக்கு

முதல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது பியூன் ஓடிவந்து, "தமிழ் சாரே, நம்ம லாரன்ஸ் சாரு போயிட்டாரு" என்றான். எங்கே போனார் என்று கேட்டேன். அவன் அழுதான். முந்தின நாள் சாயங்காலம் கோட்டாற்றில் என்னோடு நின்று சாயா குடித்த மனுஷன் ஐயா! மாரடைப்பாம். என் புத்தி இன்னும் அதை ஏற்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு வந்து எங்கள் பள்ளியில் தற்காலிக ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தவர். லத்தீன் நாக்கு நுனியில் நிற்கும். ஒரு சொல் பிறந்த இடத்தைக் காட்டாவிட்டால் அவருக்குப் பாடம் நடத்திய திருப்தியே வராது.

ஓர் ஐப்பசியில் 'அபண்டன்ட்' என்ற சொல் பாடத்தில் வந்தது. 'ஏராளமான' என்று பலகையில் எழுதிப்போட்டால் முடிந்தது. இவரோ வகுப்பையே கிளப்பிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விட்டார். மழையில் குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகாலில் பாய்ந்துகொண்டிருந்தது. "எலே மக்கா, லத்தீன்ல 'உந்தா'ன்னா அலை. அலையா எழும்பி வெளிய வழியுறதுதான் இந்த வார்த்தைக்கு மூலம். நெறஞ்சு கெடந்தா மட்டும் போதாது, வழியணும்" என்றாராம்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர் சமஸ்தானம்; அன்றைக்கென்று பார்த்தா திருவனந்தபுரத்திலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வந்து தொலைக்க வேண்டும்! லாரன்ஸ் சாரின் வேலையை நிரந்தரமாக்குவதைப் பற்றி முடிவு செய்யத்தான் அவர் வந்ததே. வகுப்பில் காலிப் பெஞ்சுகள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லக் குளத்தங்கரையா என்று இன்ஸ்பெக்டர் கொதித்தார். தவறாகக் கற்பித்தேன் என்று லாரன்ஸ் சார் எழுதிக் கொடுத்தால் மன்னித்துவிடுவதாகச் சொன்னார். தலைமையாசிரியர் கெஞ்சினார். நானும் ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"கேக்காம வெளிய கூட்டிட்டுப் போனது தப்பு, அத எழுதித் தாறேன். சொல்லிக்குடுத்தது தப்புன்னு எழுத மாட்டேன் ஓய்" என்றார். கடைசிவரை தற்காலிகமாகவே இருந்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தை.

"சாரே, அன்னைக்கி அவரு அத எழுதிக் குடுத்திருந்தா, இப்ப எங்களுக்கு எதாச்சும் கெடச்சிருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கெடச்சிருக்கும்மா" என்றேன்.

"ஒரு வார்த்தைக்காவண்டியா சாரே?"

லாரன்ஸ் சாரின் பிடிவாதத்தை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிய ஆசைதான். ஆனால் அந்த அம்மாவின் கேள்வியையும் கூடவே சொல்லாமல் இனி என்னால் அதைச் சொல்ல முடியாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த இரண்டும்தான்.